எச்சரிக்கை விளக்கு எரியாத கார்: ஒரு கேமன் எஸ்ஸில் இரண்டாம் கன்வெர்ட்டரைக் கழற்றிய கதை

“அண்ணே, லைட்டே எரியல பாருங்க. அப்புறம் என்ன?”

2021 ஜூலையில் டெட்ராய்ட் புறநகரில் ஒரு வீட்டு கராஜில் நின்றுகொண்டு நண்பர் என்னிடம் சொன்னது இது. காரை ஜாக் ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. மீட்டர் பலகையில் செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. அவருக்கு அது போதும் என்று தோன்றியது. நான் எக்ஸாஸ்ட் துறையில் வேலை பார்ப்பவன். அந்த விளக்கு எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இரண்டு சாயங்காலம் அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றே தடுத்திருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து அதே கார் கலிபோர்னியாவில் பதிவுக்குப் போய், பரிசோதனையில் தோற்றுத் திரும்பியது. இடையில் நடந்ததையும் அதற்குப் பின்னால் இருக்கும் பொறியியலையும் இங்கே முழுதாக எழுதுகிறேன். “இரண்டாவது கேட்டை எடுத்துட்டு வெறும் குழாய் போடலாமா?” என்று அவ்வப்போது யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட் என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்; என்ஜின் புகையை வெளியே போகும் வழியில் சுத்தம் செய்யும் பாகம். ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் இதையெல்லாம் சொல்லி முடிக்க முடிவதில்லை.

காரும் அதன் நான்கு கன்வெர்ட்டர்களும்

போர்ஷே கேமன் எஸ், 2006 மாடல், ஆறு கியர் மேனுவல். 2005 செப்டம்பரில் பிராங்பேர்ட் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கும். 3.4 லிட்டர் என்ஜின். பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்த வாக்கில். நிமிடத்துக்கு 6,250 சுழற்சியில் 295 குதிரைத்திறன். நண்பர் வாங்கும்போது 80,000 மைல் தாண்டியிருந்தது. மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். மேலே பளபளவென்று இருந்த வண்டிக்கு அடியில் அந்த உப்பின் வேலை நன்றாகவே தெரிந்தது.

ஒவ்வொரு பக்கத்து மூன்று சிலிண்டர்களின் புகையும் ஒரு மேனிஃபோல்டில் வந்து சேரும். அந்த மேனிஃபோல்டின் முடிவிலேயே முதல் கன்வெர்ட்டர். பிறகு போல்ட் போட்டுப் பூட்டும் ஒரு ஃபிளாஞ்ச் இணைப்பு, அதைத் தாண்டி இரண்டாம் கன்வெர்ட்டர், அப்புறம் சைலன்சர். பக்கத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு கன்வெர்ட்டர்கள். ஆக்சிஜன் சென்சார்களும் நான்குதான். ஆனால் அவை இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் முதல் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டாவதற்குப் பின்னால் எதுவும் கிடையாது.

பின்னால் நடந்த அத்தனையும் இந்த ஓர் அமைப்பிலிருந்து வந்ததுதான்.

எதற்காக இரண்டு? கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களும், ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக் கொடுக்கும் சீரியம் ஆக்சைடும் பூசப்பட்டிருக்கும். இந்தப் பூச்சு சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடத்தில்தான் ஒரு பெட்ரோல் கார் தன் பயணத்தின் பெரும்பங்கு அழுக்கைக் கக்குகிறது. சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகவே முதல் கன்வெர்ட்டரை என்ஜினுக்கு ஒட்டினாற்போல் வைக்கிறார்கள். அங்கே இடம் குறைவு, அதனால் கட்டியும் சிறியது.

என்ஜின் முழு வீச்சில் ஓடும்போது புகை அந்தச் சிறிய கட்டிக்குள் தங்கும் நேரம் மிகக் குறைவு. ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டு அழுத்தும்போது எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவு ஒரு நொடி இப்படியும் ஒரு நொடி அப்படியும் ஊசலாடும். முதல் கன்வெர்ட்டர் சேமித்து வைத்திருக்கும் ஆக்சிஜன் அந்த ஊசலாட்டத்துக்குப் போதாது. அங்கே தப்பி வரும் நைட்ரஜன் ஆக்சைடையும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் பிடிப்பதற்குத்தான் இரண்டாவது. இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. என்ஜினுக்கு ஒட்டி இருப்பதால் முதல் கட்டிதான் முதலில் கிழடாகும். வெப்பமும் எண்ணெய்ச் சாம்பலும் அதைத்தான் தின்னும். இரண்டாவது சற்றுத் தள்ளி, கொஞ்சம் குளிர்ந்த இடத்தில் இருப்பதால் நீண்ட நாள் தாங்கும். அமெரிக்கச் சந்தைக்குச் சான்றிதழ் வாங்கும் கார் ஒரு லட்சம் மைல் தாண்டியும் உமிழ்வு வரம்புக்குள் நிற்க வேண்டும். அதற்கான கையிருப்பில் பெரும்பகுதி அந்த இரண்டாம் கட்டியில்தான் இருக்கிறது.

“ரெண்டாவது சும்மா எக்ஸ்ட்ராவா வச்சிருக்காங்க அண்ணே” என்பது நண்பரின் கட்சி. குழாய் விற்பவர்களின் விளம்பரத்திலிருந்து வந்த வாசகம் அது. எந்தக் கார் நிறுவனமும் ரோடியம் பூசிய ஒரு பாகத்தைச் சும்மா வைத்து அனுப்பாது.

விளக்கு எதைப் பார்க்கிறது

செக் என்ஜின் விளக்கு புகையை அளப்பதில்லை. இது பலருக்குத் தெரியாது. இதுபோன்ற பெட்ரோல் காரில் இருக்கும் எந்தச் சென்சாரும் ஹைட்ரோகார்பன் இவ்வளவு, நைட்ரஜன் ஆக்சைடு இவ்வளவு என்று எண்ணிச் சொல்வதில்லை. என்ஜின் கணினி செய்வது ஓர் ஊகம். முன் சென்சார் காட்டும் ஆக்சிஜன் அளவு மேலும் கீழும் ஊசலாடும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அது ஆக்சிஜனை வாங்கிவைத்துத் தருவதால் ஊசலாட்டம் அடங்கி, பின் சென்சாரின் கோடு ஏறக்குறைய சமதளமாக ஓடும். கன்வெர்ட்டர் செத்துப்போனால் பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே ஆடும். அந்த ஆட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் பி0420 அல்லது பி0430 என்ற குறியீடு பதிவாகி விளக்கு எரியும்.

கேமனில் அந்தப் பின் சென்சார் இரண்டு கன்வெர்ட்டர்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஆக, கணினி கண்காணிப்பது முதல் கட்டியை மட்டும். முதலில் பழுதாவது அதுதான் என்பதால் அதைப் பார்த்தால் போதும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு; சட்டமும் அதை அனுமதிக்கிறது. அந்தக் கணக்குக்கு ஓர் அடிப்படை உண்டு: இரண்டாவது அதன் இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை. அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் போட்டால் கணினிக்குத் தெரிய வழியே இல்லை. நண்பரின் கார் அடுத்த இரண்டு வருடமும் ஒரு குறியீடுகூடக் காட்டாமல் ஓடியதில் வியப்பு எதுவும் கிடையாது.

கழற்றிய இரண்டு நாள்

மூன்று மணி நேர வேலை என்று நினைத்து ஆரம்பித்தோம். உப்புத் தின்ற நட்டுகள் விடவில்லை. ஃபிளாஞ்சில் இருந்த நட்டுகளின் முனைகள் மழுங்கி, ஸ்பேனர் நழுவியது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கேஸ் டார்ச்சால் சூடாக்கித் திருகினோம். இரண்டு போல்ட்டுகள் அப்படியே ஒடிந்தன. ஒடிந்த துண்டுகளை டிரில் போட்டு எடுப்பதற்குள் நண்பரின் தோள்பட்டை நிறையத் துருத்தூள்.

கழற்றிய இரண்டாம் கன்வெர்ட்டர்களை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் கண்கள் சீராகத் திறந்திருந்தன. உருகல் இல்லை, உடைசல் இல்லை. வெளிர் சாம்பல் நிறத்தில், பதினைந்து வருடக் காருக்கு நம்ப முடியாத அளவு நல்ல நிலையில் இருந்தன.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, திறந்திருந்த ஃபிளாஞ்ச் வழியாக முதல் கன்வெர்ட்டர்களின் பின்முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் நன்றாக இருந்தது. மறுபக்கம் ஓரத்தில் ஒரு நகத்தளவு பீங்கான் உதிர்ந்து, அதிலிருந்து ஒரு விரிசல் உள்ளே ஓடியது. இரண்டு சிலிண்டர் வரிசைகளில் ஒன்றில் முதல் கன்வெர்ட்டர் தளரத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அந்தப் பக்கத்துச் சுமையைச் சுமந்துகொண்டிருந்தது நாங்கள் கழற்றித் தரையில் வைத்திருந்த இரண்டாவதுதான். நண்பரிடம் சொன்னேன். “லைட் எரியலையே அண்ணே” என்றார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

வாங்கிய குழாய் துருப்பிடிக்காத எஃகு, வெல்டிங் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஃபிளாஞ்சின் முகம் சமதளமாக இல்லை. புது கேஸ்கெட் போட்டும் குளிர்ந்த என்ஜினில் டிக் டிக்கென்று கசிவுச் சத்தம் கேட்டது. அவிழ்த்து, அரத்தால் முகத்தைச் சமப்படுத்தி மறுபடி பூட்டினோம். பெட்டியின் மேல் ‘சாலைக்கு வெளியே பயன்படுத்த மட்டும்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த எழுத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கழற்றியவற்றை என்ன செய்தார்? பழைய கன்வெர்ட்டர் வாங்கும் ஒருவரிடம் விற்றுவிட்டார். 2021 மார்ச்சில் ரோடியம் ஓர் அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியிருந்தது. அந்த வருடம் அமெரிக்கா முழுக்க நின்றிருந்த கார்களின் அடியில் திருடர்கள் புகுந்து கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போனதும் இதனால்தான். ஜூலையிலும் விலை நன்றாகவே இருந்தது. கையில் கிடைத்த தொகை குழாயின் விலையைக் கட்டி மீதியும் தந்தது. இந்த விவகாரத்தில் அவருக்கு மிகவும் கனமாகப் போய் முடிந்தது அந்த விற்பனைதான்.

சத்தம், வேகம்

சத்தம் மாறியது உண்மை. தேன்கூட்டின் ஆயிரக்கணக்கான குறுகிய கண்கள் புகையின் துடிப்பை உரசி மழுக்கும். முக்கியமாக மேல்சுருதியை அடக்கும். அது போனதும் என்ஜினின் குரல் கூர்மையாகிவிட்டது. 5,000 சுழற்சிக்கு மேலே அந்தப் படுத்த ஆறு சிலிண்டரின் கத்தல் மயிர்க்கூச்செறிய வைக்கும். அதை நான் மறுக்க மாட்டேன். ஒரு சுரங்கப்பாதையில் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டாம் கியரில் அவர் ஓட்டியபோது பக்கத்தில் இருந்தேன். ஏன் இதற்காக ஆட்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது.

நெடுஞ்சாலையில் கதை வேறு. ஆறாவது கியரில் 70 மைல் வேகத்தில் என்ஜின் ஏறத்தாழ 3,000 சுழற்சியில் ஓடும். ஆறு சிலிண்டர் என்ஜின் ஒரு சுழற்சிக்கு மூன்று முறை வெடிக்கும் என்பதால், 3,000 சுழற்சியில் நொடிக்கு 150 துடிப்பு. சிறிய கண்ணாடிக் கூண்டு போன்ற அந்தக் காருக்குள் அது ஒரே சீரான ரீங்காரமாக நின்றுவிடும். நாலு மணி நேரம் ஷிகாகோவுக்கு ஓட்டிப் போன அவர் மனைவி, திரும்பும்போது இரயிலில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வேகம்? இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டாம் கன்வெர்ட்டரை எடுப்பதால், முழு வீச்சில் ஓடும்போது புகைக்கு எதிரான அழுத்தம் 5 கிலோபாஸ்கல் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜினின் கொள்ளளவு 3.387 லிட்டர். நான்கு வீச்சு என்ஜின் என்பதால் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை அத்தனையும் வெளியே தள்ளப்படும். 6,250 சுழற்சியில் அது நொடிக்கு 52 முறை. பெருக்கினால் ஏறக்குறைய 880 வாட். குதிரைத்திறனில் 1.2. சிலிண்டரில் மிஞ்சும் பழைய புகை குறைந்து புதுக்காற்று கொஞ்சம் கூடுதலாக உள்ளே வருவதால் இன்னும் ஓரிரண்டு சேரலாம். அதுவும் மேல் சுழற்சியில் மட்டும். அழுத்தம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவது என்பதால், ஊருக்குள் 2,500 சுழற்சியில் ஓட்டும்போது இந்த லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

விளம்பரத்தில் பத்து, பதினைந்து என்று போடுகிறார்கள். என்ஜின் திறனை அளக்கும் டைனோ மேடையில் அதே காரை அரை மணி விட்டு மறுபடி ஓட்டினாலே முடிவு ஓரிரு விழுக்காடு மாறும். 295 குதிரைத்திறனில் இரண்டு விழுக்காடு என்பது ஆறு. வெயில், டயர் அழுத்தம், என்ஜின் சூடு என்று எது வேண்டுமானாலும் அந்த ஆறைக் கொண்டுவரும். ‘முன்’ என்று ஒரு ஓட்டமும் ‘பின்’ என்று ஒரு ஓட்டமும் காட்டும் எந்த வரைபடத்தையும் நான் ஏற்பதில்லை. நண்பர் டைனோவுக்குப் போகவில்லை. “வேகமா இருக்கற மாதிரி இருக்குண்ணே” என்றார். சத்தம் கூடினால் வேகம் கூடியதாகவே காதுக்குத் தோன்றும்.

“அஞ்சு பர்சென்ட்தானே?”

இந்த வேலையைச் செய்தவர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: முதல் கன்வெர்ட்டரே தொண்ணூற்றைந்து விழுக்காட்டைச் சுத்தம் செய்துவிடுகிறது, இரண்டாவது செய்வது மிச்சம் மீதியைத்தான். அதே எண்ணை எடுத்துக்கொண்டே பார்ப்போம். என்ஜினிலிருந்து 100 பங்கு அழுக்கு வருகிறது. முதலாவது 95ஐ எரிக்கிறது, மீதி 5. இரண்டாவது அந்த ஐந்தில் 4ஐ எரிக்கிறது. வெளியே போவது 1. இப்போது இரண்டாவதைக் கழற்றுங்கள். வெளியே போவது 5. ஐந்து விழுக்காடு கூடியது என்று நண்பர் நினைக்கிறார். தெருவில் நிற்பவன் மூக்குக்கு அது ஐந்து மடங்கு.

இந்த எண்கள் விளக்கத்துக்காகத்தான். அந்தக் காரில் அளந்தவை அல்ல. ஆனால் கணக்கின் வடிவம் எல்லாக் காருக்கும் இதுதான். முதலாவது கிழடாகி 85 விழுக்காட்டுக்கு இறங்கினால் மீதி 15. இரண்டாவது இருந்தால் வெளியே போவது 3. இல்லாவிட்டால் 15. காருக்கு வயதாக ஆகத்தான் இரண்டாவதின் மதிப்பு கூடுகிறது. 15 வயதுக் காரில், அதுவும் முதல் கட்டியில் விரிசல் கண்ட காரில், அதைக் கழற்றியது எவ்வளவு தவறான நேரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த கோடையில் அவர் வீட்டுக்குப் போனபோது, வண்டி கராஜுக்குள் வந்து நின்றதும் பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தது. கராஜிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு. மூன்று வயது மகள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு “அப்பா” என்று ஓடிவந்தாள். அன்று இரவு அவரிடம் போல்ட் ஒடிந்த நாளில் பேசியதைவிட அழுத்தமாகப் பேசினேன். அவருடைய போன் செயலியில் சென்சார் கோடுகளையும் திறந்து பார்த்தோம். ஒரு வரிசையின் பின் சென்சார் 0.7 வோல்ட்டை ஒட்டி அமைதியாக ஓடியது. விரிசல் கண்ட வரிசையின் கோடு லேசாகத் தள்ளாடியது. குறியீடு விழும் எல்லைக்கு அது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

சட்டம்

மிச்சிகனில் கார்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. அதனால் அங்கே இது குற்றமே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கூட்டாட்சி அரசின் தூய காற்றுச் சட்டம் 203ஆம் பிரிவு, உமிழ்வைக் கட்டுப்படுத்தும் எந்தப் பாகத்தையும் தெரிந்தே கழற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடுக்கிறது. 1990 திருத்தத்துக்குப் பிறகு மெக்கானிக் கடை, விற்பனையாளர் மட்டும் என்றில்லை. சொந்தக் காரில் கைவைக்கும் தனிநபருக்கும் அது பொருந்தும். அந்தத் திருத்தம் தனிநபருக்கு வைத்த அபராதம் 2,500 டாலர் வரை; பணவீக்கத்தையொட்டிப் பிறகு கூடியிருக்கிறது. அப்படிப்பட்ட பாகத்தை விற்பதும் அதே பிரிவில் குற்றம். பெட்டியின் மேல் ‘சாலைக்கு வெளியே’ என்று அச்சிட்டால் பொறுப்பு கழிந்துவிடும் என்று விற்பவர்கள் நினைக்கிறார்கள். நம்பர் பிளேட்டோடு சாலையில் ஓடும் காருக்கு அந்த வாசகம் எந்தப் பாதுகாப்பும் தராது. தனிநபர் வீட்டு வாசலுக்கு யாரும் வந்து குனிந்து பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் பார்க்கிற ஊரும் இருக்கிறது.

ஃப்ரீமாண்ட், 2023

மின்கார் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து நண்பர் 2023 இலையுதிர்காலத்தில் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஊருக்குக் குடிபெயர்ந்தார். கேமனை லாரியில் ஏற்றி அனுப்பினார். வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவந்து பதிவு செய்யும் பழைய பெட்ரோல் காருக்கு அங்கே ‘ஸ்மாக் செக்’ என்ற புகைப் பரிசோதனை கட்டாயம். 1976 மாடலோ அதற்குப் பிந்தையதோ, எதுவும் தப்பாது.

லாஸ் ஏஞ்சலஸ் ஒரு காலத்தில் கண்ணெரிச்சலோடு வாழ்ந்த ஊர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற கால்டெக் பல்கலைக்கழக வேதியியலாளர்தான், கார் புகையில் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து அந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த மாநிலத்தின் கறாருக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. தொழில் முறையில் எனக்கு அந்தக் கறார் மீது மரியாதை உண்டு.

2000ஆம் ஆண்டு மாடல் முதலான கார்களுக்கு அங்கேயும் வால்குழாயில் கருவி செருகி அளப்பதில்லை. கணினியில் ஒயரைச் செருகிக் குறியீடுகளைப் படிப்பார்கள். 2021 ஜூலையிலிருந்து என்ஜின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நண்பரின் கார் இதையெல்லாம் சுலபமாகத் தாண்டியது. குறியீடு இல்லை, மென்பொருள் அசல். அவர் வெளியே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாராம்.

அதன் பிறகு பரிசோதகர் காரில் ஒட்டியிருந்த உமிழ்வுக் கட்டுப்பாட்டுச் சீட்டைப் படித்தார். சான்றிதழ் பெற்றபோது அந்தக் காரில் என்னென்ன கருவிகள் இருந்தன என்பது அதில் சுருக்கெழுத்தில் இருக்கும்: எத்தனை ஆக்சிஜன் சென்சார், எத்தனை கன்வெர்ட்டர், எந்த வரிசையில். பிறகு காரை லிஃப்டில் தூக்கி, விளக்கு அடித்து, சீட்டில் இருப்பதையும் அடியில் இருப்பதையும் ஒப்பிட்டார். கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பளபளக்கும் குழாய். கண்பார்வைச் சோதனையில் தோல்வி.

“ரெண்டு நிமிஷம்கூட ஆகலண்ணே, குனிஞ்சாரு, பாத்தாரு, எழுதிட்டாரு” என்று அன்று மாலை போனில் சொன்னார். கணினியால் இரண்டு வருடம் கண்டுபிடிக்க முடியாததை ஒரு மனிதர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அளக்கும் கருவி எட்டாத இடத்தில் காற்றைக் காப்பாற்றுவது, குனிந்து பார்க்கும் ஒரு சம்பளக்காரர்தான். கண்பார்வைச் சோதனை காலாவதியான வேலை, ஒயர் செருகினால் போதும் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்தக் காரைத்தான் நான் காட்டுவேன்.

திரும்பப் பூட்டியது

வழி நான்கு இருந்தது. பழைய கன்வெர்ட்டர் ஒன்றை வேறொரு காரிலிருந்து வாங்கிப் போடலாம் என்றால், கலிபோர்னியாவில் 2009லிருந்து பயன்படுத்திய கன்வெர்ட்டரை விற்பதும் பொருத்துவதும் தடை. சொந்தக் காரின் அசல் பாகத்தைத் திரும்பப் பூட்டியிருக்கலாம். அது உருக்கப்பட்டு எந்த உலைக்குப் போனதோ. வேறு நிறுவனத்தார் செய்த புது கன்வெர்ட்டர் என்றால், அந்தக் கார் மாடலுக்கென்று காற்று வள வாரியம் கொடுத்த ஒப்புதல் எண் அதன் உடம்பில் பொறித்திருக்க வேண்டும். தன் மாடலுக்கு அப்படி ஒன்று அவருக்குக் கிடைக்கவில்லை. மிஞ்சியது, அசல் புதுப் பாகம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விலை ஆயிரக்கணக்கான டாலர். பழையதை விற்று வாங்கிய பணம் அதன் ஒரு மூலைக்கும் காணாது.

பாகம் வந்து சேர ஐந்து வாரம். அதுவரை கார் தற்காலிக அனுமதிச் சீட்டில் நின்றது. பொருத்திய வாரம் வேலை விஷயமாக நானும் சான் ஹோசேயில் இருந்தேன். உரிமம் பெற்ற கடை ஒன்றில் லிஃப்டில் ஏற்றிக் குழாய்களை இறக்கியபோது, இரண்டு வருடம் புகை ஓடிய அந்த எஃகின் உட்புறத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மெல்லிய சாம்பல். விரிசல் கண்ட பக்கத்தில் கறுப்புக் கரி. இரண்டு குழாய்களையும் பெஞ்சில் பக்கத்துப் பக்கமாக வைத்ததும் நண்பர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. எந்தச் சென்சாரும் காட்டாத வித்தியாசம் அந்த இரண்டு விரல் தடத்தில் இருந்தது.

முதல் கன்வெர்ட்டரின் விரிசலும் வளர்ந்திருந்தது. உதிர்ந்த இடம் இப்போது கட்டைவிரல் அகலம். உதிர்ந்த துண்டு எங்கே? இரண்டாவது கட்டி இருந்திருந்தால் அதன் முகத்தில் தட்டி நின்றிருக்கும். குழாய் வழியாகப் போய் சைலன்சருக்குள் கிடக்கிறது. தட்டினால் ஒரு பக்கம் கலகலத்தது.

புது கன்வெர்ட்டர்களோடு மறுபரிசோதனையில் கார் தேறியது. நெடுஞ்சாலை ரீங்காரமும் போய்விட்டது. 880ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி நான்காவது கியரில் மேலே தூக்கிப் பார்த்தோம். வேகம் குறைந்ததாக இருவருக்குமே தோன்றவில்லை.

போன் செயலியில் அந்தத் தள்ளாடும் கோடு அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவது கட்டி வந்துவிட்டதால் முதலாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். நண்பர் கேட்கவில்லை. விளக்கு எரியும்வரை இனிக் காத்திருப்பதில்லை என்று, அந்தப் பக்கத்து மேனிஃபோல்டுக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்.